மாமன் தின்ற இலை

மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கப் போன இடத்தில் நான் இலையைத் தின்றுவிட்டேன். இலையில் வைத்ததை எல்லாம் தின்றேன் என்று சொல்லவில்லை, அதையும்தான் தின்றேன். நான் சொல்வது இலையை. பச்சை வாழை இலை, நடு நரம்பு உட்பட.

இதைக் கேட்டதும் என்னைப் பற்றி உங்களுக்கு ஒரு அபிப்பிராயம் வந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள். என் பெயர் சிதம்பரநாதன். திருச்சியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், நாலு பேர் மதிக்கிற ஆள். சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பேனே தவிர, பந்தியில் மானம் போகிற மாதிரி அதுவரை நடந்துகொண்டதில்லை. நடந்ததற்குக் காரணம் என் அக்கா மகள் பூங்கோதை. அன்றைக்குக் கல்யாணம் பேசி முடிக்கப் போனதும் அவளுக்குத்தான்.

பூங்கோதை நுண்ணுயிர் ஆராய்ச்சி செய்கிறவள். கல்லூரியில் படிக்கும்போது வெள்ள நிவாரண வேலைக்கென்று டெல்டாவுக்குப் போய், ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஊர்க்காரர்களோடு மாட்டிக்கொண்டாள். சுற்றிலும் தண்ணீர். படகு வரவில்லை, சாப்பாட்டுப் பொட்டலமும் வரவில்லை. பிள்ளைகள் அழுது அழுது ஓய்ந்துவிட்டன. வராந்தாவில் கட்டியிருந்த மாடுகள் மட்டும் நனைந்த வைக்கோலை மென்றுகொண்டிருந்தன. "மாடு சாப்பிட்டுச்சு மாமா. நாங்க பாத்துக்கிட்டு நின்னோம்" என்று திரும்பி வந்து சொன்னாள். அதற்கப்புறம் அவளுக்கு வேறு யோசனையே இல்லை.

அவள் கண்டுபிடித்ததை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "சோத்துல இருக்கறதும் குளுக்கோஸ் மணிதான், இலையில இருக்கறதும் அதே குளுக்கோஸ் மணிதான் மாமா. கோக்கற விதம்தான் வேற." சோற்றில் மணிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கோக்கப்பட்டிருக்கின்றனவாம். அதனால் சரம் சுருண்டு தளர்வாகக் கிடக்கும். எச்சில் பட்டதும் அவிழும். இலையில், தண்டில், வைக்கோலில் ஒரு மணி நேராக இருந்தால் அடுத்தது தலைகீழாக இருக்கும். அதனால் சரம் விறைப்பாக நின்று பக்கத்துச் சரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். "ஒண்ணு செடியோட சாப்பாட்டு மூட்டை. இன்னொண்ணு செடியோட சுவர். செங்கல் ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

மனுஷனுக்கு முதல் முடிச்சை அவிழ்க்கத்தான் தெரியும். இரண்டாவதை அவிழ்க்க மாட்டின் வயிற்றுக்குள் கிருமிகள் குடியிருக்கின்றன. பூங்கோதை அந்த வித்தையை நம் வாயில் சாதாரணமாக இருக்கிற ஒரு கிருமிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டாள். நாக்கில் சொட்டு மருந்தாக விட வேண்டும். சில நாள் தொடர்ந்து விட்டால் கிருமி குடியேறிவிடும். அதன்பின் நார் எல்லாம் சர்க்கரை. வேண்டாம் என்றால் வாய் கொப்பளிக்க இன்னொரு மருந்து இருக்கிறது. சோதனைக்கு ஆள் வேண்டும் என்றாள். தாய்மாமன் எதற்கு இருக்கிறான்? நாக்கை நீட்டினேன். அவளும் விட்டுக்கொண்டாள். அக்கா மங்கையர்க்கரசி மட்டும் கிட்டே வராதே என்றுவிட்டாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் சாம்பாரில் கிடந்த முருங்கைக்காயை மென்றுகொண்டே இருந்தேன். துப்புவதற்குச் சக்கை வரவில்லை. வாயெல்லாம் வெல்லப்பாகு. தட்டோரத்தில் சக்கை இல்லாததைப் பார்த்து என் மனைவி மேசைக்கு அடியில் எல்லாம் தேடினாள். கீரைத்தண்டு அல்வாவானது. வாழைத்தண்டுப் பொரியல் ஜாங்கிரியானது. எனக்கு வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற பழக்கம். தலையணை உறையில் கன்னம் படுகிற இடத்தில் ஓட்டை விழுந்தது. பருத்தியும் அதே சுவர்ச் சரம்தானாம். கடையில் இது உதவியாகக்கூட இருந்தது. சுத்தப் பருத்தி என்று எவனாவது சரக்குக் கொண்டுவந்தால் ஓரத்து நூலை இழுத்து நாக்கில் வைப்பேன். இனித்தால் எடுத்துக்கொள்வேன். இனிக்காவிட்டால் மூட்டையைக் கட்டு என்பேன். அந்தக் காலத்தில் பாலியஸ்டர் கலந்து விற்கிறவன் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

எல்லாமே சிரிப்பாகப் போகவில்லை. என் ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. நிறையக் கீரை சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். சாப்பிட்டேன், இன்னும் ஏறியது. அவர் தலையைச் சொறிந்தார். காலைக்கடன் விஷயத்தைக் கேட்கவே வேண்டாம். வயிற்றில் இருப்பதைத் தள்ளிக்கொண்டு போக நார் மிச்சம் இருந்தால்தானே. பூங்கோதைக்கு முகம் வாடிவிட்டது. "ஜீரணமாகாம இருக்கறதும் நாருக்கு ஒரு வேலைதான் மாமா. பசிச்சவங்களுக்குச் செஞ்சத வயிறு நிறைஞ்சவங்களுக்குக் குடுத்தது என் தப்பு" என்றாள். தினம் ஒரு கைப்பிடிக் கீரைக்கு மேல் தொடக்கூடாது, மருந்துக்கு அனுமதி தருகிற குழு முடிவு சொன்னதும் கொப்பளித்துவிட வேண்டும் என்று எனக்கு உத்தரவு போட்டாள். எனக்குத்தான் மனசு வரவில்லை.

அதைவிட மோசம், செய்தி எப்படியோ கசிந்து, விடுதிகளுக்குச் சாப்பாடு போடுகிற ஒரு ஒப்பந்தக்காரர் அவளைத் தேடிக்கொண்டு வந்தது. பிள்ளைகளுக்குச் சொட்டு விட்டுவிட்டு வைக்கோல் மாவில் இட்லி ஊற்றலாமா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். சத்துக் குறையாது இல்லையா என்று அக்கறையாக விசாரிக்கவும் செய்தார். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. "எல்லார் வாயிலயும் இது இருந்தா, நாளைக்கு பசிக்குதுன்னு சொல்றவன்கிட்ட புல்லைக் காட்டுவாங்க மாமா" என்றாள்.

அதனால் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். மருந்து வெள்ள நிவாரணக் கிடங்குகளில் மட்டும் பூட்டியிருக்கும். ஆபத்துக் காலத்தில் விடலாம், தண்ணீர் வடிந்ததும் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். இதற்கு அனுமதி கொடுக்கிற குழு ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. மருந்து ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குச் சுலபமாகப் போகக்கூடாது. ஒரு தடவை எச்சில் பட்டதில் ஒட்டிக்கொள்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே அத்தனையையும் அழித்துவிட வேண்டும். ஆனி மாதக் கடைசியில் குழு கூடி முடிவு சொல்வதாக இருந்தது.

இதற்கு நடுவில்தான் மதியழகன் வந்தான். தொட்டியத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிற பையன். பெண் பார்க்க வந்த அன்று இருவரும் தனியாகப் பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பினோம். ரொம்ப நேரம் ஆகியும் இறங்கவில்லை. அக்கா என்னை மேலே விரட்டினாள். போய்ப் பார்த்தால், ஏ குரூப் ரத்தத்துக்கும் பி குரூப் ரத்தத்துக்கும் சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கிற ஒரே ஒரு சர்க்கரைதான் வித்தியாசம் என்று காற்றில் படம் போட்டு ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். முடிந்த கல்யாணம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆவணியில் முகூர்த்தம் என்று வாய்ப்பேச்சாகப் பேசியும் ஆயிற்று.

சொட்டு விஷயத்தை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. வாயில் கிருமி வளர்க்கிற பெண் என்று பெயர் வந்துவிடும், தாலி ஏறட்டும் என்று அக்கா எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். மாப்பிள்ளையிடம்கூட மூச்சு விடக்கூடாது. அத்தான் போன பிறகு தனியாக நின்று பெண்ணை வளர்த்தவள். அவள் பயம் அவளுக்கு. பூங்கோதைக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் அம்மாவுக்காகத் தலையாட்டினாள்.

கை நனைப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சம்பந்தம் முடிவாகிறவரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட மாட்டார்கள். முடிவானதும் முதன்முறை உட்கார்ந்து சாப்பிடுவதற்குத்தான் அந்தப் பெயர். எங்கள் பக்கத்தில் பெண்ணின் தாய்மாமன் முதல் இலையில் உட்கார வேண்டும். சாப்பிட்டு முடித்து இலையை அவன் தன் பக்கமாக மடக்கினால் உறவு ஆயிற்று. எதிர்ப்பக்கம் மடக்குவது துக்க வீட்டுக்கு. இலையே இல்லாமல் போனால் என்ன என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை.

வைகாசி பிறந்து நல்ல நாள் பார்த்துப் போனோம். மாப்பிள்ளையின் அப்பா பிச்சைமுத்து தொட்டியத்தில் பெரிய இலை மண்டி முதலாளி. எங்களுக்கென்று தோட்டத்தில் தானே நின்று அறுத்து வந்த நுனி இலைகளைப் போட்டிருந்தார். ஒரு கிழிசல் கிடையாது. என் எதிரில் அவர், அவர் பக்கத்தில் மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அம்மா சௌந்தரம் எங்களை நின்று கவனித்தார். அக்காவும் பூங்கோதையும் எனக்கு வலது பக்கம். சுடுசோறு விழுந்ததும் இலை வெந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். இலையில் ஊற்றிய பாயசத்தை வழித்தேன். பாயசத்தோடு இலையில் ஒரு கீற்றும் சேர்ந்து வந்தது. போகட்டும் என்று மென்றேன்.

அந்த இனிப்பை நான் எப்படிச் சொல்வேன்? இளம் பனங்கற்கண்டு மாதிரி ஒரு குளிர்ச்சி. பாயசம் அதற்கு முன்னால் கஞ்சி. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கிள்ளினால் யாருக்குத் தெரியப் போகிறது என்று கிள்ளினேன். அப்புறம் மேல் ஓரம். பிச்சைமுத்து தன் இலைகளின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே கிள்ளிக்கொண்டிருந்தேன். மோர் ஊற்ற வந்த பையன் வாளியோடு அப்படியே நின்றுவிட்டான். குனிந்து பார்த்தேன். எனக்கு முன்னால் பாய்தான் இருந்தது.

பிச்சைமுத்து பாயைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். "ஏங்க, எங்க வீட்டுச் சோறு பத்தலைங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால் தேவலாம். பின்வரிசையில் யாரோ, வேணும்னே மடக்காம விடறதுக்குத் தின்னுட்டாரு, சம்பந்தம் வேண்டாம்னு அர்த்தம் என்று விளக்கம் சொன்னார்கள். சௌந்தரம் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில், இந்த ஜென்மத்தில் எனக்கு அவள் வீட்டில் காப்பி கிடையாது என்று புரிந்தது.

என்னைக் காப்பாற்றியது மதியழகன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. வந்த மாமன் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பொறுக்க முடியாமல் செய்தான். "நம்ம மண்டி இலை ருசி மாமாவுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் இத்தனை நாளாத் தெரியல" என்று சிரித்துக்கொண்டே தன் இலையில் ஒரு துண்டைக் கிழித்து வாயில் போட்டு மென்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைப்பான்? பச்சை இலையை மென்றால் எப்படிக் கசக்கும், எப்படித் தொண்டையில் சிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் முகம் சுளிப்பதற்காகக் காத்திருந்தோம்.

முகம் சுளிக்கவில்லை. புருவம் மேலே போனது. இன்னொரு துண்டு கிழித்தான். அப்புறம் நடு நரம்பை ஒட்டிப் பெரிதாக ஒன்று. "அப்பா, நல்லா இனிக்குதுப்பா" என்றான்.

நான் பூங்கோதையைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. முதலில் ஆராய்ச்சிக்காரியாகப் பயந்தாள், அடுத்த நொடி பெண்ணாகப் பயந்தாள். இரண்டையும் நான் என் கண்ணால் பார்த்தேன். பையன் கீரையைக் கண்டால் எழுந்து ஓடுகிறவன், பரோட்டாவிலேயே வளர்ந்தவன் என்பது பிற்பாடு தெரிந்தது. தன் வாயில் என்ன குடியேறியிருக்கிறது என்று அவனுக்கு அதுவரை தெரிய வழியில்லை.

அவள் எழுந்து நின்றாள். அக்கா சேலையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. பிச்சைமுத்துவை மாமா என்று கூப்பிடலாமா கூடாதா என்று தடுமாறி, "ஐயா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வெள்ளம், வைக்கோல், மணிச் சரம், சொட்டு மருந்து, என் சர்க்கரை வியாதி உட்பட ஒன்றையும் விடவில்லை. மாமா உங்களை அவமதிக்கவில்லை, உங்கள் இலை அவர் வாயில் கற்கண்டாகிவிட்டது, சொல்லாமல் வந்தது எங்கள் தப்பு என்றாள். பிச்சைமுத்து குறுக்கே பேசாமல் கேட்டார். இலையும் சோறும் ஒரே மணி என்ற இடத்தில் மட்டும் தன் இலையை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு கேட்டார். "சரிம்மா. உங்க மாமாவுக்கு நீ சொட்டு விட்ட. என் பையனுக்கு யாரு விட்டா?"

பூங்கோதை மதியழகனைப் பார்த்தாள். மதியழகன் இலையைப் பார்த்தான். அவன் காது சிவந்ததை மோர் ஊற்றுகிற பையன்கூடப் பார்த்துவிட்டான். யாரும் ஒன்றும் சொல்லாமலே எல்லோருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. டம்ளரில் உதடு படாமல் அண்ணாந்து குடிக்கிற குடும்பம் எங்களுடையது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எச்சில்ல ஒட்டிக்குமா அது?" என்று சௌந்தரம் அம்மா பயந்துபோய்க் கேட்டார்.

"அவ்வளவு லேசுல ஒட்டாதும்மா" என்றாள் பூங்கோதை. குரல் நடுங்கினாலும் விளக்கம் நடுங்கவில்லை. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் வெளியே சர்க்கரை இழைகள் மயிர் மயிராக நிற்கின்றன. செல்லுக்கு அதுதான் முகம். யார் சொந்தம், யார் அந்நியம் என்று பார்ப்பதும் அதை வைத்துத்தான். கிருமிகள் வாயில் தங்குவதும் அந்த இழைகளைப் பிடித்துக்கொண்டுதான். ஆனால் அங்கே ஏற்கெனவே நம் சொந்தக் கிருமிகள் இடம் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. கூட்ட பஸ்ஸில் ஏறுகிற மாதிரி, புதிதாக வந்தது நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போய்விடும். திரும்பத் திரும்ப வந்தால்தான் என்றைக்காவது ஒரு சீட்டுக் கிடைக்கும். அதனால்தான் சொட்டையே நாள் கணக்கில் விட வேண்டியிருக்கிறது. மருந்துக்கு அனுமதி தருகிற குழுவுக்கும் இப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றாள்.

பிச்சைமுத்து தாடையைச் சொறிந்தார். "இப்ப பையனுக்கு ஒட்டியிருக்கே. அப்ப நீ எழுதிக் குடுத்தது தப்பா? ஒரு தடவையிலயே ஒட்டிக்கிச்சா?"

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு தடவைதான் என்று சொன்னால் போதும்; ஏதோ சின்னஞ்சிறுசுகள் ஒரு நிமிஷம் புத்தி தடுமாறிவிட்டார்கள் என்று ஊர் மன்னித்துவிடும். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு அவள் மருந்து குப்பைக்குப் போகும். அடுத்த வெள்ளத்தில் மறுபடியும் மாடு சாப்பிடும், ஜனங்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு தடவை இல்லை என்று சொன்னால் மருந்து பிழைக்கும். இவள் மானம், அக்காவின் மானம், இந்தச் சம்பந்தம் எல்லாம் இந்தப் பந்தியிலேயே போகும். அக்கா முந்தானையை விலக்கி, ஒரு தடவை என்று சொல்லித் தொலையேன் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். மதியழகன் தானே ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பூங்கோதை அவனைக் கையமர்த்தினாள்.

"நான் எழுதிக் குடுத்தது சரிதான் ஐயா" என்றாள். "ஒரு தடவை இல்ல."

பின்வரிசையில் ஒரு கிழவர் புரையேறி இருமினார். யாரும் சிரிக்கவில்லை. பூங்கோதை தலை குனியாமல் நின்றாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. என் அக்கா மகளைப் பார்த்து அந்த நிமிஷம் நான் பட்ட பெருமையை இதுவரை எதற்கும் பட்டதில்லை. உங்களுக்குத் தெரியாம உங்க வாயில இதை வச்சுட்டேன், மன்னிச்சிடுங்க என்று மதியழகனிடம் சொன்னாள். அவன் பரவாயில்லை என்று சொன்னதில் கொஞ்சம் அதிக மகிழ்ச்சி தெரிந்தது. அவன் அப்பா ஒரு பார்வை பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

"அந்தக் குழு முன்னாடியும் இதைச் சொல்லுவியா?" என்று கேட்டார் பிச்சைமுத்து.

"சொல்லித்தான் ஆகணும் ஐயா. புதுசா ஒருத்தருக்கு ஒட்டியிருக்கு. எப்படி ஒட்டுச்சு, எத்தனை நாளாச்சுன்னு கேப்பாங்க."

"எத்தனை பேரு இருப்பாங்க?"

"பெரிய மேசை ஐயா. எல்லாரும் வயசானவங்க."

"எப்பக் கூடுது?"

"ஆனி கடைசியில."

பிச்சைமுத்து மனைவி பக்கம் திரும்பினார். "சௌந்தரம், உள்ள போயி பஞ்சாங்கத்த எடுத்துட்டு வா. ஆனி பொறந்ததும் முதல் முகூர்த்தம் என்னைக்குன்னு பாப்போம்."

"ஆவணிக்குன்னுதானே பேசியிருக்கு?" என்றார் அந்த அம்மா.

"அதுவரைக்கும் தாங்காது. அத்தனை பெரியவங்க முன்னாடி இந்தப் பொண்ணு தனியா நின்னு இதைச் சொல்ல வேண்டாம்" என்றார் அவர். "நம்ம மருமகளா போயி நிக்கட்டும்."